முக்காலே மூணு வீசம் போதாது

குயில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, அதில் ஒரு சதுரம்தான் பிளாக். நான் முதன்முதலில் அடுத்தவருக்காகத் தைத்த குயில்ட் பிளாக்கின் அளவு பதினொன்றே முக்காலே அரைக்கால் (11⅞) அங்குலம். இருக்க வேண்டியது பன்னிரண்டரை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீலமும் வெள்ளையும் மாறி மாறி, ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம். மூலைகள்கூட ஒன்றோடு ஒன்று பொருந்தியிருந்தன. ஸ்கேலை எடுத்து வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிளாக்கின் நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, இழுத்துப் பிடித்து, நீராவி இஸ்திரி போட்டேன். சூட்டோடு அளந்தபோது பன்னிரண்டேகால் காட்டியது. சரி, கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். ஆறிய துணி பழையபடி சுருங்கும், இழுத்த ஓரம் மட்டும் வளைந்தே நிற்கும் என்பது தெரியாத காலம்.

இந்த ஏற்பாடு பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இணையத்தில் ‘பீ’ என்று ஒரு குழு சேர்வார்கள். தேனீ என்ற பெயருக்கு ஏற்ப, மாதத்துக்கு ஒருவர் ராணி. பெரும்பாலும் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மாதம். அந்த மாதத்து ராணி எந்த டிசைன், என்ன நிறம், என்ன அளவு என்று சொல்வார். மற்ற பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு பிளாக் தைத்து அவருக்கு அனுப்ப வேண்டும். வருடம் முடியும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு குயில்ட்டுக்கு வேண்டிய பிளாக்குகள் சேர்ந்திருக்கும். ‘ஸ்வாப்’ வேறு மாதிரி. ஒரே பிளாக்கைப் பன்னிரண்டு தைத்து நடத்துபவருக்கு அனுப்பினால், அவர் எல்லோருடையதையும் கலந்து, ஆளுக்குப் பன்னிரண்டாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவார்.

பழைய காலத்தில் பீ என்றால் எல்லோரும் ஒரு சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது. இணையத்து பீயில் அது தலைகீழாகிவிட்டது. பிளாக்குகளைப் பலர் தைக்கிறார்கள், சேர்த்துத் தைக்கும் வேலையை ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்கிறார். ஆனால் பல கைகள் தைத்த பிளாக்குகளை ஒன்றுசேர்ப்பது புதிதில்லை. 1840களில் அமெரிக்காவில் நட்புக் குயில்ட் என்று பெரிய மோகமே இருந்தது. ஆளுக்கு ஒரு பிளாக், அதில் மையால் கையெழுத்து. ஊரை விட்டு மேற்கே குடிபெயர்பவர்களுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பால்டிமோர் நகரத்து ஆல்பம் குயில்ட்டுகளும் அதே காலத்தவை.

என் நீல வெள்ளைக் கட்டத்துக்கு வருகிறேன். அந்த மாதத்து ராணி ‘பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்’ என்று இரண்டே வரியில் எழுதினார். ஏழெட்டு மாதம் கழித்து முடிந்த குயில்ட்டின் படம் வந்தது. பன்னிரண்டு பிளாக்குகளில் ஒன்றுக்கு மட்டும் சுற்றிலும் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பட்டை, புகைப்படத்துக்குச் சட்டம் போட்டது மாதிரி. ஓரத்தைச் சீராக நறுக்கி, குறைந்த அளவைப் பட்டை வைத்து நிரப்பியிருக்கிறார். குழுவில் ஒருவர் ‘அந்த ஒன்றை மட்டும் எடுப்பாகக் காட்டியது நல்ல யோசனை’ என்று வேறு பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

என்னை இந்த உலகத்துக்குள் இழுத்துவிட்ட தோழி ஒருத்தி இருக்கிறாள். வயதில் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படத்தைக் காட்டினேன். “நீ இதுவரைக்கும் தைத்த குயில்ட் எல்லாமே அளவில் சின்னதாகத்தான் வந்திருக்கும், போய் அளந்து பாரு” என்றாள். அளந்தேன். நாலு வருடமாக நான் தைத்த எல்லாமே கணக்கில் சொன்ன அளவைவிடச் சிறியவை. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்ததால் ஒன்றோடு ஒன்று ஒழுங்காகவே சேர்ந்திருக்கின்றன. தனியாகத் தைக்கும்போது நம் தப்பு நம் தப்போடு ஒத்துப்போய்விடும். பதினோரு பேருடைய பிளாக்குக்கு நடுவில் உட்காரும்போதுதான் வெளியே தெரியும்.

கணக்கு இதுதான். பேட்ச்வொர்க்கில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். நான் பிடித்தது காலும் ஒரு வீசமும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று; நகத்தின் ஓரம் அளவு. ஆனால் தையலின் இரண்டு பக்கமும் துணி உள்ளே போகிறது, ஆக ஒரு தையலுக்கு இரண்டு வீசம் நஷ்டம். ஆறு கட்டம் சேர ஐந்து தையல். ஐந்து தையலில் பத்து வீசம், அதாவது அரை அங்குலத்துக்கு மேலே இன்னும் ஓர் அரைக்கால். பன்னிரண்டரை, பதினொன்றே முக்காலே அரைக்கால் ஆனது இப்படித்தான். ஒரு வேலை ஏறக்குறைய முழுசாக முடிந்துவிட்டது என்பதற்கு ‘முக்காலே மூணு வீசம்’ என்போமே, என் பிளாக் சரியாக அந்த ரகம். பாக்கி ஒரு வீசம்தான் மானத்தை வாங்கியது.

அக்கா சொல்லிக்கொடுத்த சோதனையை இப்போது ஒவ்வொரு புதுக் குழுவிலும் சேர்ந்தவுடன் செய்கிறேன். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். மொத்தம் மூன்றரை அங்குலம் வர வேண்டும். நடுப்பட்டை கச்சிதமாக ஓர் அங்குலம். நடுப்பட்டைதான் உண்மை பேசும், ஏனென்றால் அதற்கு இரண்டு பக்கமும் தையல். ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் தையல் அதிகமாகத் துணி பிடிக்கிறது, கூடினால் போதாமல் பிடிக்கிறது.

முதல் தடவை மெஷினோடு வந்த ‘கால் அங்குல ஃபுட்’டை (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) போட்டுத் தைத்தேன். அப்போதும் நடுப்பட்டை குறைந்தது. ஃபுட்டின் மேல் தப்பில்லை. தைத்தபிறகு துணியை மடித்துச் சாய்க்கும்போது அந்த மடிப்பும் நூலின் கனமும் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடும். அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைக்க வேண்டும். நான் ஊசியை வலப்பக்கம் ஒரு புள்ளி நகர்த்தினேன், பிறகு மெஷின் தட்டில் துணியின் ஓரம் உரசிக்கொண்டு போகும்படி நாலைந்து அடுக்காக டேப் ஒட்டினேன். நூலையும் மாற்றினேன்: சட்டைக்குத் தைக்கும் கனமான பாலியஸ்டர் நூல் போய், 50 எண் பருத்தி நூல் வந்தது. மூன்றாவது சோதனையில் நடுப்பட்டை ஓர் அங்குலம். அந்தச் சோதனைத் துண்டு இன்னும் மெஷின் பக்கத்தில் குண்டூசியில் தொங்குகிறது.

வெட்டும்போதே வீசம் போகும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஸ்கேலில் இருக்கும் கோட்டுக்கும் ஒரு அகலம் உண்டு. துணியின் ஓரம் கோட்டுக்கு வெளியே நிற்கிறதா, கோட்டுக்கு அடியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அளவு மாறும். எப்படி வைத்தாலும் எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். என்னிடம் இரண்டு கம்பெனி ஸ்கேல்கள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோடுகள் ஒட்டவில்லை. எது சரி என்று ஆராயவில்லை, ஒன்றைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். ஓல்ஃபா கம்பெனி உருளும் பிளேடு வைத்த ரோட்டரி கட்டரை 1979இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அட்டையில் வடிவம் வெட்டி, துணியில் பென்சிலால் வரைந்து, கத்தரியால்தான் வெட்டுவார்கள். அப்படியும் அந்தக் காலத்து நட்சத்திரங்கள் முனை மழுங்காமல் நிற்கின்றன. கட்டரை வைத்துக்கொண்டு தப்பு செய்த எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்கூட வரும்.

இரண்டாவது பாடம் ஸ்வாப்பில் கிடைத்தது, கொஞ்சம் விலை கொடுத்து. நட்புநட்சத்திரம் என்று எளிய பிளாக், ஒன்பது அங்குலம். மூன்றுக்கு மூன்று கட்டம்: நடுவில் நட்சத்திரத்தின் நிறம், நாலு மூலையிலும் பின்னணி, மீதி நாலு கட்டம் பாதிக்குப் பாதி முக்கோணம். பன்னிரண்டு பிளாக்குக்கு நாற்பத்தெட்டு முக்கோணக் கட்டம். ஒரு கரும் சதுரமும் ஒரு வெளிர் சதுரமும் சேர்த்துக் குறுக்குக் கோட்டின் இரண்டு பக்கமும் தைத்து, நடுவில் வெட்டினால் இரண்டு கட்டம் கிடைக்கும். ஆக இருபத்துநாலு கரும் சதுரம், இருபத்துநாலு வெளிர் சதுரம். ஒரே மூச்சில் அத்தனையையும் மூன்றரை அங்குலத்தில் வெட்டித் தள்ளினேன். மற்ற கட்டங்கள் மூன்றரைதானே என்று ஒரு நினைப்பு.

தைத்து, வெட்டி, விரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் மூன்றே அரைக்கால். மூன்றரை வர வேண்டும். முக்கோணத்துக்கு முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் கூட்டி வெட்ட வேண்டும். வெளி ஓரத்தின் இரண்டு பக்கத் தையலுக்கு அரை அங்குலம் போகிறது, நடுவில் குறுக்கே ஓடும் தையல் இன்னொரு காலே அரைக்காலைச் சாப்பிடுகிறது. மூன்று அங்குலத்துக்கு 3⅞. நான் அதைக்கூட இப்போது நம்புவதில்லை. நாலு அங்குலத்தில் வெட்டி, தைத்தபிறகு ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையலின் மேல் வைத்து மூன்றரைக்கு நறுக்கிவிடுகிறேன். ஓரத்தில் கொஞ்சம் துணி வீணாகும். நாற்பத்தெட்டு சதுரம் வீணாவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு பிளாக்கை முழுசாகத் தைத்துப் பார்த்துவிட்டு மீதியை வெட்டியிருந்தால் நாலு சதுரத்தோடு போயிருக்கும். இதைப் படிக்கும் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு பேர் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அந்த ஸ்வாப்பில் இன்னொன்றும் நடந்தது. புதுத்துணி வாங்கித் திரும்ப வெட்டி, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரியில் உட்கார்ந்து பன்னிரண்டையும் முடித்தேன். நடத்துபவர் அதில் இரண்டைத் திருப்பி அனுப்பினார், ஒரு சின்னக் குறிப்போடு: நட்சத்திரத்தின் இரண்டு முனை காணவில்லை. திரும்ப வந்த இரண்டும் நான் கடைசியாகத் தைத்தவை. கண் சொக்கிய நேரத்தில் வந்த வேலை அப்படியே துணியில் தெரிந்தது. முதலில் ரோஷம் வந்தது. ஆனால் எனக்குத் திரும்பி வந்த பன்னிரண்டு பிளாக்கையும் பரப்பிப் பார்த்தபோது ஒன்றில்கூட முனை மழுங்கவில்லை. அவர் எல்லோரிடமும் அப்படித்தான் கறாராக இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஸ்வாப்பில் சேரும்முன் நடத்துபவர் கறாரானவரா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். எல்லாவற்றையும் ‘சூப்பர், சூப்பர்’ என்று வாங்கிக்கொள்பவர் நடத்தும் ஸ்வாப்பில் என்ன திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

முனை எப்படிக் காணாமல் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு இது. பிளாக் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று வையுங்கள். நமக்கு உடனே கை துறுதுறுக்கும், நாலு பக்கமும் நறுக்கிச் சரியான அளவில் அனுப்பலாம் என்று. ஓரத்தைத் தொடும் முக்கோண முனைக்கும் துணியின் விளிம்புக்கும் நடுவில் கால் அங்குலம் இருந்தே ஆக வேண்டும், பக்கத்து பிளாக்கோடு தைக்கும்போது அந்தக் கால் உள்ளே போய் முனை சரியாகத் தையலில் நிற்கும். நறுக்கும்போது அந்தக் காலில் கை வைத்தால், அடுத்தவர் தைக்கும்போது முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் பெரிதாக வந்தால் ஒன்று எங்கே தப்பு என்று பார்த்துப் பிரித்துத் தைக்க வேண்டும், அல்லது நறுக்காமல் அப்படியே அனுப்பி ராணிக்குச் சொல்லிவிட வேண்டும். கூடுதலாக இருப்பதை அவர் பார்த்துக்கொள்வார். குறைவாக இருப்பதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, பட்டை வைப்பதைத் தவிர.

காகிதத்தின் மேல் தைக்கும் பிளாக்குகளுக்கு இந்தக் கவலை இல்லை என்பார்கள். அச்சிட்ட கோட்டின் மேலேயே தையல் போடுகிறோம், கை தவறினாலும் கோடு தவறாது. உண்மைதான், அச்சு சரியாக இருந்தால். என் பிரின்டர் ‘பக்கத்துக்குள் அடங்கும்படி’ சுருக்கி அச்சடித்திருந்தது. வார்ப்புருவின் மூலையில் ஒரு அங்குலச் சதுரம் எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஆறரை வர வேண்டிய கால்பகுதிகள் நாலும் ஆறேகாலுக்கு வந்தபிறகு அந்தச் சதுரத்தை அளந்தேன். இப்போது நூறு சதவீதத்தில் அச்சடிக்கச் சொல்லிவிட்டு, முதல் பக்கம் வந்ததும் அந்தச் சதுரத்தின் மேல் ஸ்கேலை வைத்துவிடுகிறேன். தையலின் நீளத்தையும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொண்டால் காகிதம் சுலபமாகக் கிழியும். தப்பாகத் தைத்துவிட்டால் பிரிப்பது நரகம், அது வேறு விஷயம்.

சாதாரண பிளாக்குக்கும் நான் தையலை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைத்துவிடுகிறேன். ஒரு பிளாக் நம் வீட்டிலிருந்து உறைக்குள் போய், அங்கே இறங்கி, மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்து, பல கை பட்ட பிறகுதான் குயில்ட்டில் சேரும். அதற்குள் ஓரத்துத் தையல் முனைகள் பிரிய ஆரம்பித்துவிடும். இஸ்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: வைத்து எடுக்க வேண்டும், சட்டைக்குத் தேய்ப்பது போல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. கிராஸாக வெட்டிய ஓரம் இருந்தால் ஒரே இழுப்பில் அலை அலையாகிவிடும். கஞ்சி ஸ்ப்ரே அடித்துவிட்டு வெட்டினால் பாதித் தொல்லை இல்லை. தையலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ராணி சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். சொல்லாவிட்டால் கருப்பான துணியின் பக்கம் சாய்ப்பது வழக்கம், வெளிர் துணி வழியாகக் கருப்பு தெரியாது.

நிறத்தில் நான் பட்டது தனிக்கதை. ஒரு மாதம் ராணி கேட்டது சாம்பலும் கடுகு மஞ்சளும் மட்டும். எனக்கு அது அழுது வடிவது போல் தோன்றியது. நடுவில் ஒரு சின்னச் சதுரம் ரோஸ் வைத்தேன், ‘ஒரு பொட்டு நிறம் இருக்கட்டும்’ என்று குறிப்பும் எழுதினேன். முடிந்த குயில்ட்டில் என் பிளாக் இல்லை. பின்பக்கத் துணியில், ஓர் ஓரமாக, தனியாக ஒட்டியிருந்தார். முன்பக்கம் சாம்பலும் மஞ்சளும் மழைநாள் வானம் மாதிரி அமைதியாக இருந்தது. அவர் மனதில் முழுப் படம் இருந்திருக்கிறது, நான் ஒரு சன்னலை மட்டும் பார்த்துவிட்டு யோசனை சொல்லியிருக்கிறேன்.

என் முறை பதினோராவது மாதம் வந்தது. ‘வெள்ளைப் பின்னணி, மீதி உங்கள் இஷ்டம்’ என்று எழுதினேன். தாராளமாக இருப்பதாக நினைப்பு. வந்தவற்றில் ஒன்று பால் வெள்ளை, ஒன்று சந்தன வெள்ளை, ஒன்று நீலம் போட்ட வெள்ளை, இரண்டில் வெள்ளையின் மேல் கருப்புப் புள்ளி, ஒன்றில் சாம்பல் கோடு. ஒவ்வொருவரும் வெள்ளையைத்தான் அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சந்தன வெள்ளை மட்டும் அழுக்காகத் தெரிந்தது. இப்போது ராணியாக இருந்தால் பின்னணித் துணியை நானே வெட்டி அனுப்பிவிடுகிறேன். அது முடியாவிட்டால், வேண்டாதது எது என்பதை எழுதுகிறேன்: ‘கிரீம் வேண்டாம், அச்சு வேண்டாம்’. வேண்டியதைச் சொன்னால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள், வேண்டாததைச் சொன்னால் எல்லோருக்கும் ஒன்றேதான் புரிகிறது.

சாயம் இளகும் சிவப்பு இன்னொரு தொல்லை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையில் ரோஸ் ஏறினால் அந்தச் சிவப்பை அடுத்தவர் குயில்ட்டுக்கு அனுப்பாதீர்கள். முதல் துவையலில் பதினோரு பேர் உழைப்பும் போகும். துணியை முன்கூட்டித் துவைப்பதா வேண்டாமா என்பதில் குழுக்களுக்குள் சண்டையே உண்டு. எனக்கு ஒரே கருத்துதான்: குழு என்ன சொல்கிறதோ அது. நீங்கள் துவைத்தது, மற்றவர்கள் துவைக்காதது என்றால் சுருங்கும் அளவு மாறும். சலவை வாசனை, சிகரெட் நாற்றம், பூனை முடி இவற்றைப் பற்றியும் நல்ல குழுக்களில் முன்பே கேட்டுவிடுவார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அனுப்புவது பெரிய வித்தை இல்லை. நாலாக மடிக்காமல் முடிந்தவரை தட்டையாக, தண்ணீர் புகாத உறையில், ஒரு அட்டையோடு. பெயர் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள். ஒருமுறை குத்தி அனுப்பி, ஊசி விரலில் ஏறியதாகப் பதில் வந்தது. இப்போது ஓரத்தில், தையலுக்கு உள்ளே போகும் இடத்தில் அழியாத பேனாவால் பெயரைச் சிறிதாக எழுதிவிடுகிறேன். அனுப்பும்முன் அளவு ஸ்கேல் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். உறை வழியில் தொலைந்துபோன ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் திரும்பத் தைத்தேன்.

தாமதம் பற்றி என்ன சொல்வது. வீட்டில் உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் நானும் அனுப்பவில்லை. அது தப்பில்லை. ஆறு வாரம் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு. ‘இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் இரண்டாகத் தருகிறேன்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த ராணி வேறு ஏற்பாடு செய்திருப்பார். என் மாதத்தில் அதை அனுபவித்தேன். பன்னிரண்டு மாதக் குழுவில் ஏழெட்டு மாதம் தாண்டினால் சிலர் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள், பெரும்பாலும் தங்கள் முறையை முன்பே முடித்துக்கொண்டவர்கள். எனக்கு வர வேண்டிய பதினொன்றில் வந்தது எட்டு. மீதி நாலை நானே தைத்துப் பன்னிரண்டாக்கினேன். புதிதாகக் குழு தொடங்குபவர்கள் ஆறு பேரோடு ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால் ஓடிப்போகிறவர்கள் குறைவு என்பது என் எண்ணம். ஆளுக்கு இரண்டு பிளாக் தைத்தால் கணக்கு அதேதான்.

வந்த எட்டையும் தரையில் பரப்பி அளந்தேன். ஐந்து பன்னிரண்டரை. இரண்டு பன்னிரண்டே முக்கால், நறுக்கிக்கொள்ளலாம், நல்லவேளையாக முனைகள் ஓரத்தைத் தொடவில்லை. எட்டாவது சரியாகப் பன்னிரண்டு. ஓரம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது, நாலு மூலையிலும் குண்டூசி குத்திய சின்னத் துளைகள். நீராவி இஸ்திரி போட்டு இழுத்திருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: ‘இதுதான் என் முதல் பீ.’

வெள்ளையில் பட்டை வெட்டி, அதைச் சுற்றித் தைத்தேன். அது மட்டும் தனியாகத் தெரிய வேண்டாம் என்று நான் தைத்த நாலில் மூன்றைக் கொஞ்சம் சிறிதாக நறுக்கி, அவற்றுக்கும் அதே அகலத்தில் பட்டை வைத்தேன். குயில்ட்டில் சட்டம் போட்டது நாலு, போடாதது எட்டு. அடுத்த மாதம் அவர்தான் ராணி. அவருக்கு அனுப்பிய உறையில் என் பிளாக்கோடு, ஒன்றரை அங்குலத்தில் வெட்டிய மூன்று பட்டைகளையும், தைத்து அளக்கும் முறையைச் சொல்லும் ஒரு சீட்டையும் வைத்தேன்.